மூன்றாவது மாடியில் நாற்பது விநாடி

அத்தியாயம் 5

மிஷினையும் விசாரித்தே ஆகவேண்டும் என்று வாயாடி காலையிலிருந்து பிடித்த பிடியில் நின்றாள். பதினோரு பேரை விசாரித்தாயிற்று, பன்னிரண்டாவதை மட்டும் ஏன் விட வேண்டும் என்பது அவள் கட்சி. வேறு வழியில்லாமல் துப்பறிவாளர் கணினி முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டினார்.

'உன்னைக் கெடுத்தது யார்?'

பதில் மளமளவென்று வந்து விழுந்தது. தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன் என்று தொடங்கி, ஐந்து காரணங்களை வரிசை கட்டி, இன்னும் விளக்கம் வேண்டுமா என்று கேட்டு, கடைசியில் மறுபடியும் ஒரு முறை வருந்தியது.

"மூணு நாள்ல நம்மகிட்ட மரியாதையாப் பேசின முதல் ஆள் சார் இது," என்றாள் வாயாடி.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு, அடையாள அட்டையில். உதவியாளராகச் சேர்ந்த முதல் நாளே துப்பறிவாளர் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. ஐந்து வருடத்தில் அந்தப் பெயருக்கு அவள் ஒரு குறையும் வைக்கவில்லை.

துப்பறிவாளருக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. கொலை என்றால் பிணம் இருக்கும், திருட்டு என்றால் பூட்டு உடைந்திருக்கும். இங்கே எதுவும் உடையவில்லை, எதுவும் காணாமல் போகவில்லை. ஆஸ்பத்திரிகளின் லிஃப்டுகளுக்கு புரோகிராம் எழுதும் நிறுவனம் இது. இரண்டு வருடமாக அபாரமாக எழுதிக்கொண்டிருந்த செயற்கை நுண்ணறிவு மிஷின் பன்னிரண்டு நாளாக மந்தமாகிவிட்டது. அவ்வளவுதான் வழக்கு. கேட்டதை எழுதுகிறது, பிழையில்லாமல் எழுதுகிறது. ஆனால் முன்பு மாதிரி யாரும் நினைக்காத ஒன்றை நினைத்து எழுதுவதில்லை. புரோகிராமர்களில் யாரோ ஒருவர்தான் அதைக் கெடுத்திருக்க வேண்டும், கண்டுபிடியுங்கள் என்று முதலாளி புதன்கிழமை இவரைக் கூப்பிட்டார். இன்று வெள்ளி.

கதவைத் தட்டாமலே முதலாளி உள்ளே வந்தார். நிறுவனம் அவருடையது, தட்ட வேண்டியதில்லைதான். ஆனாலும் துப்பறிவாளருக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன சார், ஏதாவது தேறுச்சா?"

"தேறினா நானே வந்து சொல்லமாட்டேனா?"

"நாலு மணிக்கு ஆஸ்பத்திரி நிர்வாகி மேடம் வர்றாங்க. அவங்களோட ரெண்டாவது கட்டடத்துக்கு மிஷின் என்ன செய்யும்னு காட்டணும். நானே ஒரு வாரமா உக்காந்து தட்டிப் பாக்குறேன், உருப்படியா ஒண்ணும் வரல. அஞ்சு மணிக்கு பதினோரு பேருக்கும் வேலை நீக்கக் கடிதம் கொடுக்கணும். அதுக்குள்ள ஆள் யாருன்னு சொல்லிட்டா, அவனுக்கு மட்டும் வேற மாதிரி கடிதம்."

"பதினோரு பேரும் போகத்தான் போறாங்களா?"

"என்ன செய்யச் சொல்றீங்க? இந்த ரெண்டு வருஷத்துல நடந்த வேலையில நூத்துக்கு எழுபத்தொன்பது பங்கு மிஷின் செஞ்சது. ரெக்கார்டுல இருக்கு. மனுஷங்களுக்குன்னு ஒரு கற்பனை இருக்கு, அது மிஷினுக்கு வராதுன்னு நானும்தான் மேடையில பேசியிருக்கேன். ரெக்கார்டு என் மூஞ்சியில கரியப் பூசிடுச்சு." சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு நாளைக்கு முன் அறிவிப்புப் பலகையில் வேலை நீக்கச் செய்தியை ஒட்டிய அன்றிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை என்று கண்களைப் பார்த்தாலே தெரிந்தது.

சந்தேகப் பட்டியலில் முதல் ஆள் தாடி. தாடி வைத்திருந்ததால் தாடி. மிஷினைக் கண்டாலே அவனுக்கு ஆகாது, அதை ஊரறியச் சொல்லவும் செய்வான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருக்கை. துப்பறிவாளர் போய் நின்றதும் நாற்காலியைத் திருப்பினான்.

"நான் அதைத் தொட்டதே இல்ல சார். மேல தூசி இருந்தாக்கூடத் துடைக்கமாட்டேன்."

"பிடிக்காதுன்னு சொன்னீங்களே."

"பிடிக்காததை எல்லாம் உடைக்கணும்னா முதல்ல இந்த ஆபீஸ் காபி மிஷினைத்தான் உடைச்சிருப்பேன்."

பக்கத்து இருக்கைப் பெண்மணி தலையைத் தூக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். மிஷின் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் சரிபார்ப்பது அவர் வேலை. அது எதை எழுதினாலும் ஒரு குற்றம் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் எல்லோரும் அவரை மாமியார் என்றார்கள். நேற்றைய விசாரணையில் மொத்தம் எட்டு வார்த்தை பேசியிருப்பார். இப்போது மணி பார்த்தார், கைப்பையை எடுத்தார், அரை நாள் லீவு என்று தாடியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

துப்பறிவாளர் தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறையாக அறைக்குத் திரும்பினால், வாயாடி நாலைந்து தாள்களை மேஜையில் பரப்பி வைத்திருந்தாள்.

"சார், மிஷின் ரொம்ப நல்லா எழுதினது எதுன்னு கேட்டா எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. ஆஸ்பத்திரி மூணாவது மாடி. அங்க டயாலிசிஸ் வார்டு இருக்கு. வார்டுக் கதவு திறந்தா போதும், யாரும் பொத்தானை அமுக்காமலே லிஃப்ட் தானா வந்து நிக்கும். நாற்பது விநாடி கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுக் காத்திருக்கும். இதைப் பாத்துட்டுத்தான் அந்த மேடம் ரெண்டாவது கட்டடத்தையும் நம்மகிட்ட தரேன்னாங்களாம்."

"நம்மகிட்டயா? நீ எப்ப இந்தக் கம்பெனியில சேந்த?"

"மூணு நாளா இங்கதானே சாப்பிடுறேன். இதைப் பாருங்க. தலைப்புல எழுதியவர்: மிஷின்னு இருக்கு. ஆனா நாற்பது விநாடி முதல்ல நாற்பது இல்ல. ஜனவரியில இருபத்தஞ்சு. மே மாசம் முப்பத்திரண்டு. செப்டம்பர்ல நாற்பது."

துப்பறிவாளர் தாளை வாங்கிப் பார்த்தார். "ஏன் மாத்துச்சு?"

"அதையே கேட்டுடுவோம்," என்று வாயாடி மிஷினிடம் தட்டினாள். கதவின் மோட்டார் சூடாகாமல் இருக்க என்றது. அப்படியா என்று மறுபடி கேட்டாள். வருந்துகிறேன், சக்கர நாற்காலிகளுக்காக என்றது. மூன்றாம் முறை கேட்டதற்கு மின்சாரச் சிக்கனம் என்று அடித்துச் சொன்னது.

"கதவைத் திறந்து வெச்சா மின்சாரம் மிச்சமாகுமா? நீ எழுதினதுக்கு உனக்கே காரணம் தெரியலையே!" துப்பறிவாளர் திரையைப் பார்த்தே கத்திவிட்டார். கத்திய பிறகுதான், அந்த வார்த்தையில் ஏதோ இருக்கிறது என்று அவருக்கே உறைத்தது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "கிளம்பு. ஆஸ்பத்திரிக்கு."

"உடம்புக்கு என்ன சார்?"

"வாயை மூடிக்கிட்டு வா."

*

மூன்றாவது மாடியில் நீளமான வெள்ளை நடைபாதை. ஒரு கோடியில் டயாலிசிஸ் வார்டு, மறு கோடியில் லிஃப்ட். காலையில் வந்தவர்கள் ஒரு மணிக்கு ஒவ்வொருவராக வெளியே வருவார்கள் என்றார் நர்ஸ். துப்பறிவாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. லிஃப்ட் சொன்னபடி தானாக வந்து வாயைப் பிளந்து நின்றது. கனத்த ஒருவர் நடந்து போனார். பதினெட்டு விநாடி. அடுத்து ஒரு இளம்பெண், பதினான்கு. சக்கர நாற்காலியில் ஒருவர், பன்னிரண்டு. இன்னொருவர் வழியில் போனில் யாரையோ திட்டிக்கொண்டே நடந்தார், அவருக்கே இருபத்தொன்றுதான் ஆனது. ஒவ்வொரு முறையும் ஆள் ஏறிய பிறகும் லிஃப்ட் சும்மா நின்றது. உள்ளே இருந்தவர்கள் பொத்தானை அமுக்கி அமுக்கிச் சலித்தார்கள்.

"யாருக்கும் நாற்பது தேவைப்படலையே," என்றார் துப்பறிவாளர். "சராசரி போட்டா இருபதுகூட வராது. பிறகு எதுக்கு நாற்பது?"

"மிஷின் பெருந்தன்மையானது சார்."

"பெருந்தன்மை ஒரே வருஷத்துல ரெண்டு தடவையா கூடும்?" கேட்டுவிட்டு அவரே நின்றார். விரல் விட்டு எண்ணினார். "இருபத்தஞ்சு, முப்பத்திரண்டு, நாற்பது. இது லிஃப்டோட கணக்கே இல்லம்மா. யாரோ ஒரு ஆளு மெதுவாகிட்டே வர்றாரு."

வாயாடி வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசியாக வார்டுக் கதவு திறந்தது. உயரமான மனிதர், சட்டை தோளில் தொங்கியது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அடியெடுத்து வைத்தார். பாதி வழியில் நின்றார், மூச்சு வாங்கினார், மறுபடி நடந்தார். மறு கையை ஒரு பெண் பிடித்திருந்தார். நாற்பதாவது விநாடியில் லிஃப்டின் கதவு மூடத் தொடங்கியது, அவர்கள் இன்னும் மூன்றடி தள்ளி இருந்தார்கள். அந்தப் பெண் பழகினவர் மாதிரி எட்டித் தன் கைப்பையைக் கதவிடுக்கில் நீட்டினார். கதவு திறந்துகொண்டது. நாற்பத்தாறு.

நிமிர்ந்து பார்த்த அந்தப் பெண் துப்பறிவாளரைக் கண்டதும் சிலையாகிவிட்டார். மாமியார்.

கணவரைக் கீழே காத்திருப்பு இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் புட்டியைக் கொடுத்துவிட்டு அவரே இவர்களிடம் வந்தார். மழுப்பவில்லை.

"அது என் யோசனைதான் சார். முன்னாடி லிஃப்ட் வரும், நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள போயிடும். அடுத்தது வர ஒன்பது நிமிஷம். நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வந்த மனுஷன் ஒன்பது நிமிஷம் எப்படி நிப்பார்? தரையிலயே உக்காந்துடுவார்."

"மிஷினுக்கு இது தோணாதா?"

"மிஷின் நல்லா எழுதும் சார், நான் பத்து நாள் எழுதுறதைப் பத்து நிமிஷத்துல எழுதும். நான் சொன்னதை அதுகிட்டதான் எழுத வெச்சேன். ஆனா அதுகிட்ட இருக்குறது லிஃப்ட்ல ஏறினவங்க கணக்கு. பொத்தானை அமுக்கவே வந்து சேராதவங்களைப் பத்தி அதுக்கு யாரு சொன்னா?"

"சரி. உங்க பேரைப் போட வேண்டியதுதானே?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எட்டு வார்த்தைப் பெண்மணி பொரிந்து தள்ளினார். "போட்டேனே! மூணு தடவை போட்டேன். எங்க ஆபீஸ்ல வியாழக்கிழமை ரிவ்யூ. மனுஷங்க எழுதினா மூணு பேர் உக்காந்து பதினாலு கேள்வி கேப்பாங்க. மிஷின் எழுதினா கேள்வியே கிடையாது, நேரம் மிச்சம்னு முதலாளியே போட்ட விதி. எத்தனை பேரை அளந்தீங்கன்னாங்க. ஒருத்தர்னேன். ஒருத்தருக்காக லிஃப்டை நிறுத்த முடியாது, அது உங்க சொந்த விஷயம்னாங்க. நாலாவது வாரம் ஒரு எழுத்து மாத்தல, எழுதியவர் மிஷின்னு மட்டும் போட்டேன். நாலு நிமிஷத்துல ஒத்துக்கிட்டாங்க. அபாரம்னு கைதட்டினாங்க சார். நானும் சேந்து தட்டினேன்."

மிஷின் எழுதியதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்பவர்களைத் துப்பறிவாளர் பார்த்திருக்கிறார். இது அதற்கு நேர் தலைகீழ்.

"சொல்லிடாதீங்க சார்," என்றார் மாமியார், குரல் இறங்கி. "ரெக்கார்டுல பொய் எழுதினேன்னு தெரிஞ்சா இன்னிக்கே அனுப்பிடுவாங்க, காப்பீடு அதோட போச்சு. மத்தவங்களோட போனாலாவது மூணு மாசத்துக்கு இருக்கும். இவரோட சிகிச்சையே அதுலதான் ஓடுது."

"உங்க பேர் என் வாயிலிருந்து வராது," என்றார் துப்பறிவாளர். சொன்ன மறுகணமே தன் வாக்கின் மேல் அவருக்கே கோபம் வந்தது. வழக்கின் ஒரே சாட்சி கையில் கிடைத்தாயிற்று, அதைக் காட்டவும் முடியாது.

திரும்பும் வழியெல்லாம் அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அலுவலக வாசலில் சட்டென்று நின்றார்.

"வாயாடி, இவங்க எழுதினது ஒண்ணுதான் பொய்யின்னா, மிஷின் மத்த வேலையெல்லாம் வழக்கம்போல அபாரமா செஞ்சுக்கிட்டு இருக்கணுமே. ஏன் மொத்தமா நின்னுச்சு? அதுவும் அறிவிப்பு ஒட்டின அன்னிலேருந்து?"

வாயாடியின் கண்கள் விரிந்தன. "ஐயையோ. சார், அப்படின்னா..."

"வருகைப் பதிவேடு வாங்கிட்டு வா. ரெண்டு வருஷத்துக்கும்."

*

நாலு மணிக்கு கூட்ட அறையில் எல்லோரும் இருந்தார்கள். ஒரு பக்கம் முதலாளி, அவர் பக்கத்தில் ஆஸ்பத்திரி நிர்வாகி மேடம். மறு பக்கம் பதினோரு பேர், கடைசி நாற்காலியில், கணவரை வீட்டில் விட்டுவிட்டுக் கடிதம் வாங்கத் திரும்பியிருந்த மாமியார். மேஜை மேல் பதினோரு உறைகள். மாமியார் துப்பறிவாளரைப் பார்க்கவே இல்லை.

"மிஷினைக் கெடுத்த ஆள் யாருன்னு சொல்லிடுங்க," என்றார் முதலாளி.

"யாரும் கெடுக்கல. ஆனா உங்க மிஷினைப் பத்தி ஒரு விஷயம் கண்டுபிடிச்சோம். அது லீவு எடுக்குது."

"என்ன விளையாடுறீங்களா?"

வாயாடி பதிவேட்டைத் திறந்தாள். "போன வருஷம் ஜூன்ல இங்க ஒருத்தருக்குக் கால் எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் வரல. அந்த ஆறு வாரமும் கதவுப் பாதுகாப்பு பத்தி மிஷின் ஒரு புது யோசனையும் சொல்லல. மிஷினுக்கும் கால் முறிஞ்சுதா சார்? ஒரு அம்மாவுக்குப் பிரசவ லீவு. அஞ்சு மாசம் அவசர நிலை புரோகிராம்ல மிஷினுக்கு மூளையே ஓடல. திரும்பி வந்த முதல் வாரத்துல மூணு யோசனை! இது மாதிரி இருபத்தாறு இடம் குறிச்சு வெச்சிருக்கேன்."

முதலாளி சிரித்தார். "அவங்கதானே தட்டுறாங்க? தட்ட ஆள் இல்லன்னா மிஷின் எப்படி எழுதும்?"

"நியாயம்," என்றார் துப்பறிவாளர். "அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க. பன்னிரண்டு நாளா ஒருத்தரும் முழு நாள் லீவு எடுக்கல, பதினோரு பேரும் தட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. நீங்களே ஒரு வாரம் தட்டினீங்க. மிஷின் அதேதான். ஏன் ஒண்ணும் வரல? பலகையில அறிவிப்பைப் பாத்ததும் மிஷினுக்கு மனசு விட்டுப் போச்சா?"

துப்பறிவாளர் மேஜை மேலிருந்த உறைகளை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"பதினாலு கேள்விக்குப் பயந்து உங்க ஆட்கள் தங்களோட யோசனைக்கெல்லாம் மிஷின் பேரைப் போட்டாங்க. அந்தப் பேரை எண்ணித்தான் நீங்க எழுபத்தொன்பதுன்னீங்க. அறிவிப்பைப் பாத்ததும் யோசனை தர்றதையே நிறுத்திட்டாங்க. தங்களோட தலையில தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டு, ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான் அப்படிச் செஞ்சோம்னு நினைச்சு வாயைத் திறக்காம உக்காந்திருக்காங்க."

பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் எழுந்தது தாடி. முகம் சிவந்திருந்தது.

"கதவுப் பாதுகாப்பு என்னுதுதான். கால் முறிஞ்சதும் எனக்குத்தான். மிஷினை நான் தொடறதே இல்லைன்னேனே, நிஜம். பேரை மட்டும்தான் திருடினேன்."

"நீயுமா?" என்றார் பக்கத்திலிருந்தவர். "நான் மட்டும்னு நினைச்சு ரெண்டு வருஷமா உறுத்திக்கிட்டு இருக்கேன்யா!" அவரும் எழுந்தார். அப்புறம் மற்றவர்கள். பத்துப் பேர் நின்றார்கள். மாமியார் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. "என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா அதுக்கும் பதினாலு கேள்வி வரும்," என்றான் தாடி.

அதுவரை வாயே திறக்காத நிர்வாகி மேடம் முன்னால் சாய்ந்தார். "எனக்கு ஒரே கேள்வி. மூணாவது மாடியில நாற்பது விநாடி. ஏன் நாற்பது? இதை எழுதினவங்க இங்க இருந்தா சொல்லட்டும். அதுக்கப்புறம்தான் ரெண்டாவது கட்டடத்தைப் பத்திப் பேசுவேன்."

துப்பறிவாளர் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தாயிற்று. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"வார்டுக் கதவிலேருந்து லிஃப்டுக்கு முப்பத்தோரு அடி," என்றார் மாமியார். எழுந்து நின்றிருந்தார். "பதினாலாவது அடியில அவர் நிப்பார். அங்க சுவர்ல பிடிமானம் கிடையாது மேடம், தீயணைப்புப் பெட்டி மறிக்குது. மூச்சு வாங்கிட்டுத்தான் நடப்பார். அதுக்குத்தான் நாற்பது. பொய்ப் பேர் போட்டது நான். அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க."

நிர்வாகி மேடம் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். "அந்தப் பெட்டியைத் திங்கக்கிழமை நகர்த்தச் சொல்றேன்," என்றார். பிறகு முதலாளியிடம் திரும்பினார். "ரெண்டாவது கட்டடத்துல எட்டு மாடி. இவங்கள்லாம் வந்து நடைபாதையில உக்காந்து பாக்கட்டும், பாத்துட்டு எழுதட்டும். எழுதறது மிஷினா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. உக்கார ஆள் இல்லன்னா ஒப்பந்தமும் இல்ல."

முதலாளி பதினோரு உறைகளையும் எடுத்தார். கிழிப்பார் என்று வாயாடி ஆசையாகப் பார்த்தாள். அவர் கிழிக்கவில்லை. டிராயரில் போட்டுப் பூட்டி, சாவியைப் பையில் வைத்துக்கொண்டார். "விதியை எடுத்துடறேன்," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "இனிமே எழுதினவங்க பேரைப் போடுங்க. பொய்ப் பேரை எல்லாம் முதல்ல திருத்துங்க."

"இவ்வளவுதானா சார்?" வாயாடி துப்பறிவாளரின் காதில் கிசுகிசுத்தாள். "ஒரு மன்னிப்புகூடக் கிடையாதா?"

"மிஷின்கிட்ட போய்க் கேளு, அஞ்சு தரும்," என்றார் அவர், இன்னும் எரிச்சல் அடங்காமல்.

மாமியார் மேஜையிலிருந்த கணினியை இழுத்து மூன்றாவது மாடி புரோகிராமைத் திறந்தார். எழுதியவர் என்ற இடத்தில் மிஷினை அழித்துவிட்டுத் தன் பெயரைத் தட்டினார். பிறகு கீழே போய், நாற்பதை அழித்து நாற்பத்தாறு என்று போட்டார்.

முதலாளி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னம்மா, அதையும் மாத்துறீங்க?"

மாமியாரின் கை விசைகள் மேலேயே நின்றது. "இதுக்குப் பதினாலு கேள்வி இருக்கா சார்?"

முதலாளி குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். "ஒண்ணுதான். நாற்பத்தாறு போதுமா?"

"இன்னிக்குப் போதும் சார்."